புளித்த மாவும் சிறுவாணித் தண்ணியும்

திங்கட்கிழமை காலையில் நாலு இட்லி சாப்பிட்ட பிள்ளை, புதன்கிழமை அதே இட்லியைப் பார்த்ததும் ஓங்கரிக்கிறான். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். "கொழுப்பு. செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க." சொல்கிறவர் அப்பாருவாக இருப்பார், இல்லாவிட்டால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும் அப்பா. அம்மாவுக்கு அந்த நேரத்தில் பதில் தோன்றாது. பதில் மாவுப் போசியில் இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டிய மாவு திங்கள் காலையில் அப்போதுதான் பொங்கியிருக்கும். புளிப்பே தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் புதன்கிழமைக்குள் அது புளிக்கத்தான் செய்யும். பெரியவர்கள் அந்த இட்லியைச் சட்னியில் முக்கி விழுங்கிவிடுகிறோம். மூணாம் நாள் மாவில் தோசைதான் நன்றாக வரும் என்று நமக்கே தெரியும். ஆனால் இட்லி மாறிவிட்டது என்று பிள்ளை சொன்னால் மட்டும் நம்ப மாட்டோம். கோயமுத்தூர் பக்கத்தில் நம் மதுக்கரையில் இதற்குமேல் ஒரு சங்கதி உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக நம் வாசலில்தான் அடிக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் மாவு பொங்காது. விடிய விடிய வெளியே வைத்திருப்போம். சித்திரையிலோ ராத்திரி பத்து மணிக்கே போசி வழிந்து மேடையெல்லாம் மாவாகிக் கிடக்கும். ஒரே வீடு, ஒரே அரிசி, ஒரே கை. இட்லி மட்டும் ஒன்றல்ல.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பிள்ளையின் நாக்கைத் திருத்தக் கிளம்பும் முன்னால், தட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். சுவை கூர்மையான குழந்தை வீட்டுச் சாப்பாட்டைவிட பாக்கெட் பிஸ்கட்டையும் நூடுல்ஸையும் நம்புவதற்குக் காரணம், பாதி நேரம், ருசி இல்லை. அந்த பிஸ்கட் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருக்கிறது. நம் சமையல் அப்படி இருப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கைப்பக்குவம் என்று நாம் பெருமைப்படுவதே அதைத்தான்.

நாக்கு, மூக்கு, பல்லிடுக்கு

1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு தூளைக் குப்பிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். தூள் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன இவ்வளவு கசப்பு" என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தூளை வாயிலேயே போட்டுப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை. அந்தக் கசப்பை உணர்வதும் உணராததும் பரம்பரையாக வருவது என்று பின்னால் தெரிந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி வகைக் காய்களிலும் அதே இனக் கசப்பு இருக்கிறது. ஆகவே "எனக்குக் கசக்கலையே" என்பது பிள்ளைக்குச் சொல்லும் பதில் ஆகாது. நாற்பது வயதிலும் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கும் அப்பா இருக்கும் வீட்டில், மகனை மட்டும் கேள்வி கேட்பதும் நியாயமில்லை.

நாம் ஆறு சுவை என்கிறோம். அதில் கார்ப்பும் துவர்ப்பும் தனி ரகம். மிளகாயின் காரத்தை உணர்வது சூட்டை உணரும் அதே நரம்பு வழி. அந்த வழியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வயதுக் குழந்தை ஆறிப்போன ரசத்தைக் குடித்துவிட்டு "சுடுது" என்று அழுதால் அது பொய் சொல்லவில்லை. துவர்ப்பு, வாழைப்பூவைத் தின்றதும் வாய்க்குள் இழுத்துப் பிடிக்கிறதே, அது தொடு உணர்வோடு சேர்ந்தது. மற்றபடி நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் போட்ட பாயசத்தை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு இருக்கும், பாயசம் இருக்காது.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. ருசி பிடிக்காத பிள்ளை என்று நீங்கள் நினைப்பவன் உண்மையில் வாடைக்கோ பதத்துக்கோ மிரள்பவனாக இருக்கலாம். பச்சைப்பயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைந்து போட்டால் சாப்பிடுகிறான், சுண்டலாகக் கொடுத்தால் துப்புகிறான் என்றால் ருசி ஒன்றுதான். பல்லில் படும் தோல்தான் அவனுக்கு ஆகவில்லை. சுண்டல் போகிறது, கடைந்தது போகவில்லை என்றால் குழகுழப்பு ஆகவில்லை. இரண்டையும் தொடுவதற்கு முன்பே, குக்கர் விசில் அடிக்கும்போதே அறையை விட்டு ஓடுகிறான் என்றால் மூக்கு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எல்லாப் பிள்ளைகளும் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டு கொஞ்சம் ஒதுங்கத்தான் செய்வார்கள். பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போய் நாலு பேரோடு சாப்பிட்டதும் தேறிவிடுவார்கள். புலன்கள் கூர்மையான குழந்தை அப்படித் தேறுவதில்லை. சிலருக்குப் பட்டியல் வருடத்துக்கு வருடம் சுருங்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். 1943-இல் லியோ கானர் ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்து எழுதியபோதே, அவர் பார்த்த பதினோரு பிள்ளைகளில் பலருக்குக் கைக்குழந்தையிலிருந்தே சாப்பாட்டுச் சிக்கல் இருந்ததைக் குறித்திருக்கிறார். அதற்காக, இட்லி சாப்பிடாத பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று யாரும் பயப்பட வேண்டாம். பேச்சு, கண்பார்த்துப் பழகுவது, விளையாட்டு எல்லாம் சரியாக இருந்து நாக்கு மட்டும் கூர்மையாக இருக்கும் குழந்தைகளும் நிறைய உண்டு.

எதிர்ப்பக்கக் குழந்தையும் உண்டு. இவனுக்கு நாக்கில் எதுவும் உறைக்காது. ஊறுகாயைத் தனியாகத் தின்பான், உப்பை அள்ளி வாயில் போடுவான், சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே இருப்பான். இவனுக்கு எலுமிச்சை சாதம், புளிச்ச மோர், மொறுமொறு முறுக்கு என்று அழுத்தமான ருசியைச் சாப்பாட்டு நேரத்திலேயே கொடுத்துவிடலாம். ஆனால் சுவரை நக்குவது, மண், சாக்பீஸ், சுண்ணாம்பு தின்பது என்று போனால் அது வேறு கதை. நம் மதுக்கரை சுண்ணாம்புக்கல் பூமி. 1930-களிலிருந்து சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர். வெள்ளை மண் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. மண் தின்னும் பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடிப்பதும் கையைக் கட்டுவதும் அதற்குப் பிறகும் வேண்டாம்.

பத்து நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சாப்பிட்டான், சாப்பிடவில்லை என்று மட்டும் எழுதினால் பத்தாம் நாள் உங்களுக்கு அழுகைதான் வரும். வேறு விவரங்களை எழுதுங்கள். மாவு ஆட்டி எத்தனையாவது நாள். எந்த எண்ணெய்: கடலெண்ணெயா, தேங்காயெண்ணெயா, புது பாக்கெட்டா. அரிசி கடையில் வாங்கியதா, ரேஷனா. சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா. எந்தத் தட்டு. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள். அந்த நேரத்தில் அடுப்பில் என்ன தாளித்தது. அன்றைக்கு வயிறு போனதா.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மை ஆண்டுகளில் அதில் நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசி கலந்து வந்திருக்கிறது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணி. நல்லதுதான். ஆனால் சில குழந்தைகள் அந்த மணியைச் சோற்றிலிருந்து பொறுக்கி வெளியே வைப்பார்கள். "பிளாஸ்டிக் அரிசி" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. அதன் நிறமும் வேகும் பதமும் கொஞ்சம் வேறு. நோட்டில் எழுதினால்தான் இதெல்லாம் பிடிபடும்.

பத்து நாளில் ஏதாவது ஓர் ஒழுங்கு தெரியவரும். இட்லியில் தெரிந்தால் செய்ய வேண்டியது எளிது. மாவு பொங்கிய அன்றே நாலைந்து சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிள்ளைக்கு வேண்டிய அளவை மட்டும் முந்தின ராத்திரி எடுத்துக் கீழே வைத்தால் போதும், புதன்கிழமையும் திங்கட்கிழமை இட்லிதான். உப்பைக் கையால் அள்ளிப் போடாமல் ஸ்பூனில் அளந்து போடுங்கள். இரண்டு வாரம் இந்த ஒரே ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதற்கப்புறம் இந்த அத்தியாயத்தின் மீதியைப் படித்தாலும் தப்பில்லை.

முதலில் தண்ணி

கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணியின் ருசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவர் சென்னைக்குப் போனால் முதலில் பேசுவது தண்ணியைப் பற்றித்தான். கல்யாணம் ஆகி வெளியூர் போன பெண்கள் வருஷம் பத்தானாலும் "எங்க ஊர்த் தண்ணி மாதிரி வருமாங்க" என்பார்கள். பெரியவர்கள் சொன்னால் அது ஊர்ப் பெருமை. நாலு வயதுப் பிள்ளை சொன்னால் அடம்.

போர்த் தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகள் நாக்குக்குத் தெரியும். ஆர்.ஓ. தண்ணி சப்பென்றிருக்கும். கேன் தண்ணியில் கேனின் வாடை வரும். குளோரின் போட்ட அன்று குழாய்த் தண்ணி மூக்கில் ஏறும். மதுக்கரை, குனியமுத்தூர் பக்கங்களில் ஒரு தெருவுக்கு ஒரு தண்ணி. வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, அம்முச்சி வீட்டில் ஒன்று. சுவை கூர்மையான குழந்தை இதில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளும். மற்ற இடங்களில் குடிக்காது. குடிக்காது என்பதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சாப்பிடாததைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

இங்கேதான் ஒரு சுழல் ஆரம்பிக்கிறது. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை தண்ணி இல்லை. மலம் இறுகுகிறது. கழிக்கும்போது வலிக்கிறது, அடக்குகிறான், இன்னும் இறுகுகிறது. வயிறு அடைத்துக் கிடக்கும் பிள்ளைக்குப் பசி எடுக்காது. பசி இல்லாத வாய்க்கு எந்தச் சாப்பாடும் குமட்டும். நாம் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு ஊட்டப் போராடுகிறோம். முதல் கண்ணி வாட்டர் பாட்டில்.

ஆகவே வீட்டுத் தண்ணியைப் பெரிய பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். ஸ்டீல் பாட்டிலா, பிளாஸ்டிக்கா என்பதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டின் ருசியும் வேறு. மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், பூசணம் பிடித்த வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மூக்கால் மிரளும் குழந்தைக்கு மூடிபோட்ட ஸ்ட்ரா பாட்டில் உதவும். ஊருக்குப் போகும்போது வீட்டுத் தண்ணியையே கொண்டுபோங்கள். முடியாவிட்டால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு எல்லாத் தண்ணியையும் ஒரே ருசிக்குக் கொண்டுவரலாம். இதை வீட்டில் முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். இளநீரை ஏற்றுக்கொள்ளும் பிள்ளை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பொள்ளாச்சி பக்கத்தில்தான் இருக்கிறது.

அரிசிம்பருப்புக்கு ஏணி

ஒவ்வொரு குழந்தைக்கும் நம்பிச் சாப்பிடும் சில பண்டங்கள் இருக்கும். வெறும் சோறும் நெய்யும், மாரி பிஸ்கட், தோசையின் மொறு ஓரம், வாழைப்பழம். அந்தப் பண்டம் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். "இதையே தின்னுட்டு இருந்தா எப்படி" என்று அதைப் பிடுங்கினால், பசியில் வேறு சாப்பிடுவான் என்பது நம் கணக்கு. சாதாரணப் பிள்ளையிடம் அந்தக் கணக்கு சில சமயம் பலிக்கும். இந்தப் பிள்ளை பட்டினி கிடப்பான்; உள்ளதையும் விட்டுவிடுவான்.

அங்கிருந்து ஒரு படி, ஒரே ஒரு படி. கொங்கு நாட்டில் இதற்கு, அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அரிசிம்பருப்பைவிட நல்ல ஏணி கிடையாது. நெய்ச்சோறு சாப்பிடும் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் சோறு வேகும்போது ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு சேருங்கள். மஞ்சள் வேண்டாம், நிறம் மாறக்கூடாது. அதைக் கண்டுபிடித்துவிட்டான் ஆனாலும் சாப்பிடுகிறான் என்றால் நல்லது. ஒளிக்கத் தேவையில்லை, "பருப்பு ஒரு ஸ்பூன் போட்டிருக்கேன் கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். பருப்பு பாதிவரை ஏறிய பிறகு துளி மஞ்சள். பிறகு சீரகம், முழுதாக இல்லாமல் பொடித்து. பிறகு சின்ன வெங்காயம், நன்றாக வதங்கியது, வாயில் தட்டுப்படாத அளவுக்குப் பொடியாக. கடுகும் கறிவேப்பிலையும் கடைசி. வெள்ளைச் சோற்றில் கருப்பாக ஒரு கடுகு தெரிந்தால் அந்தப் போசியே வேண்டாம் என்கிற குழந்தைக்குத் தாளிப்பைத் தனியாகச் செய்து பெரியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளலாம். பூண்டு எப்போது என்று கேட்பீர்கள். சில வீடுகளில் ஒரு வருஷம் கழித்து. சில வீடுகளில் வராமலே போகலாம். பூண்டில்லாத அரிசிம்பருப்பில் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது.

ஒரு படியில் ஐந்தாறு நாளாவது நில்லுங்கள். காய்ச்சல், பரீட்சை, ஊர்ப் பயணம் வந்தால் ஒரு படி இறங்குங்கள். இதே போல மற்ற ஏணிகளையும் நீங்களே கட்டலாம்: இட்லியிலிருந்து சந்தகைக்கு, சந்தகையிலிருந்து தேங்காய்ப்பால் சந்தகைக்கு, மொறு தோசையிலிருந்து ராகி கலந்த மொறு தோசைக்கு. மொறுமொறுப்பை விரும்புகிறவனுக்கு ராகிக்களியைக் காட்டிப் பயனில்லை. அவனுக்குக் கொள்ளை வறுத்துப் பொடியாக்கித் தோசைமேல் தூவலாம். ஐந்து வயதுக்குள் இருந்தால் முழு நிலக்கடலை வேண்டாம், புரையேறும், பொடியாகவே கொடுங்கள்.

புதுப் பண்டம் நேராக வாய்க்குப் போக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். மேசையில் இருக்கட்டும். பிறகு பக்கத்துத் தட்டில். பிறகு அவனே கரண்டியில் எடுத்து அப்பாவுக்குப் பரிமாறட்டும். தொடுவது, மோந்து பார்ப்பது, உதட்டில் வைப்பது, நக்குவது. நக்கிவிட்டுத் துப்ப ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். சோற்றைத் துப்புவதா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் இந்தக் குழந்தைகள் வாயையே திறக்கிறார்கள். எட்டிலிருந்து பதினைந்து முறை சந்தித்த பிறகே ஒரு பண்டம் குழந்தைக்குப் பழகுகிறது என்பது சாதாரணக் குழந்தைகளை வைத்துச் சொன்ன கணக்கு. கூர்மையான நாக்குக்கு அதைவிட அதிகம் ஆகும். மூன்றாம் நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவுகட்டி எழுதி வைக்காதீர்கள்.

சமையலறைக்குள் விடுங்கள். தோட்டத்தில் கறிவேப்பிலை பறிக்கச் சொல்லுங்கள். சின்ன வெங்காயம் உரிக்கும்போது கண் எரிந்தால் எழுந்து போகட்டும், திரும்பி வருவான். கையில் பட்ட வாடை மூக்குக்குப் பழகுவதும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

செய்யக் கூடாத சில

காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து, மூக்கை அடைத்து ஊட்டுவது. இதைப் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. புரையேறி நுரையீரலுக்குப் போகும், அதோடு அந்தப் பண்டத்தை அவன் ஜன்மத்துக்கும் தொட மாட்டான்.

செல்போனில் பாட்டுப் போட்டுவிட்டு வாய்க்குள் தள்ளுவது. வயிறு நிறையும், நாக்கு எதையும் கற்காது. இன்று எல்லா வீட்டிலும் இது நடக்கிறது. ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. முதல் ஐந்து வாய் போன் இல்லாமல், அதன் பிறகு போன் என்று ஆரம்பித்து நகர்த்துங்கள்.

மருந்தைப் பிடித்த பண்டத்தில் கலப்பது. இது மிகப் பெரிய தப்பு. தயிர்ச்சோற்றில் ஒரு முறை ஆன்ட்டிபயாட்டிக் சிரப்பைக் கலந்தால் மருந்து போகலாம். தயிர்ச்சோறும் போய்விடும், ஆறு மாசத்துக்கு. மருந்தை மருந்து என்று சொல்லியே கொடுங்கள். கொடுக்கும் முன் குச்சி ஐஸை இரண்டு நிமிஷம் சப்பினால் நாக்கு மரத்திருக்கும். வேறு வாசனையில் உண்டா, சின்ன மாத்திரையாக உண்டா என்று டாக்டரிடமே கேட்கலாம்.

தொக்கம். பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நம் பக்கத்தில் இன்னும் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகிறார்கள். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, உறிஞ்சி எடுத்தால் பசிக்கும் என்று. கூட்டிப்போகும் அப்பத்தாவின் கவலை உண்மையானது, அதைக் கிண்டல் செய்யாதீர்கள். ஆனால் வயிற்றை அமுக்குவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும், ஏற்கெனவே வாயைத் தொட்டால் மிரளும் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். திருஷ்டி கழிக்கட்டும், மந்திரிக்கட்டும், விபூதி வைக்கட்டும். வாய்க்குள் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

பேஸ்ட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதினாக் காட்டம் உள்ள பற்பசை இந்தக் குழந்தைகளுக்கு வாய்க்குள் தீ. பல் தேய்க்க அழுவதை வைத்துச் சோம்பேறி என்று நினைத்திருப்போம். ஃப்ளோரைடு உள்ள, புதினா இல்லாத பேஸ்ட் கிடைக்கிறது; மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்குமேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. சொத்தைப் பல் வலியாலும் சாப்பாடு குறையும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்போது டாக்டரிடம்

எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ. சாப்பிடும் பண்டங்களை எண்ணினால் இருபதுக்குக் கீழே இருந்து, விட்டுப்போனவை திரும்பி வராவிட்டால். விழுங்கும்போது அடிக்கடி இருமல், புரை. வெறும் பாலிலேயே நாள் ஓடினால். ஈறில் ரத்தம் வந்து, கால் வலி என்று நடக்க மறுத்தால் உடனே; பழமும் காயும் வருஷக்கணக்கில் உள்ளே போகாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. அது பழைய காலத்து மாலுமிகளின் நோய் என்று நினைத்து, டாக்டர்கள் கால் எலும்பை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறான் என்ற பட்டியலை நீங்களே முந்திக்கொண்டு காட்டுங்கள். அங்கேயும் நோட்டு உதவும். உணவைத் தவிர்ப்பது உடம்பைப் பாதிக்கும் அளவுக்குப் போனால் அதை ஒரு தனி நோயாகவே 2013-இலிருந்து மனநல மருத்துவக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

முதலில் குழந்தை மருத்துவர்: மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மூக்கடைப்பு, ரத்தசோகை இவற்றைப் பார்த்துத் தள்ளுவதற்கு. அதன்பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மெல்லுவதிலும் விழுங்குவதிலும் சிக்கல் என்றால் அந்தப் பயிற்சி உள்ள பேச்சுப் பயிற்சியாளர். காசில்லை என்று நிற்க வேண்டாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு 2013-இலிருந்து நடக்கும் ஏற்பாடு. குழுவிடம் சொன்னால் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். பதினெட்டு வயதுவரை அங்கே பார்க்கலாம். பள்ளி வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம்.

பள்ளிக்கூடமும் பந்தியும்

அரசுத் தொடக்கப்பள்ளியில் இப்போது காலையிலும் சாப்பாடு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று சுற்றி வரும். இந்த வாரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் எந்த நாள் உங்கள் பிள்ளைக்கு ஆகும் என்று பாருங்கள். சாம்பாரை மேலே ஊற்றாமல் தனியாகக் கொடுத்தால் பொங்கலைச் சாப்பிடும் குழந்தைகள் உண்டு. சமைக்கும் அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், "ஊத்தாம ஓரமா வெச்சிருங்க அக்கா, அவனே தொட்டுக்குவான்" என்று. ஹெட்மாஸ்டரிடம் புகாராகப் போவதைவிட இது வேலை செய்யும். மத்தியானத்தில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்ற வழக்கம் சத்துணவில் ஏற்கெனவே இருக்கிறது. முட்டையின் கவிச்சி வாடை ஆகாதவனுக்கும் அதையே கேளுங்கள். டீச்சருக்கு ஒரு துண்டுச் சீட்டு: மிச்சம் வைத்தால் திட்ட வேண்டாம், வாடை அதிகமானால் வராண்டாவில் உட்காரட்டும், தண்ணி பாட்டிலைப் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஞாபகப்படுத்துங்கள். மூன்று வரிக்குமேல் எழுதினால் படிக்க மாட்டார்கள்.

கல்யாணப் பந்திதான் கடினம். இலையில் எல்லாம் ஒன்றோடொன்று ஓடிச் சேரும். ஜிலேபியின் பாகு பொரியலில், பொரியல் கூட்டில், ரசம் எல்லாவற்றிலும். மைக்கில் பாட்டு, பரிமாறுகிறவர் வாளியோடு தலைக்குமேல் நிற்பார், எதிரில் பெரியப்பா. கிளம்பும் முன் வீட்டிலேயே பிள்ளையைச் சாப்பிட வைத்துவிடுங்கள். பந்தியில் வரிசையின் ஓரத்து இடம் பிடியுங்கள். இலையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சோறும் அப்பளமும் வரும்போது மட்டும் நிமிர்த்தலாம். பையில் அவன் டப்பா இருக்கட்டும், வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள்.

"ஏம்மா, பையன் ஒண்ணுமே தொடலையே? நம்ம சாப்பாடு புடிக்கலீங்களா?"

"புடிக்காம இல்லீங்க பெரியப்பா. அவனுக்கு வாசனை கொஞ்சம் சாஸ்தியாத் தெரியுமுங்க. ஊட்டுல சாப்புட்டுத்தான் வந்தான். அப்பளம் மட்டும் இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

இந்த அளவு போதும். நரம்பு, புலன், தெரபி என்று பந்தியில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தால் ரசம் வருவதற்குள் பத்து பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். அப்பளம் வந்ததும் அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள். பாயசம் வருவதற்குள் அவன் எழுந்துவிட்டால், கை கழுவும் இடத்தில் அப்பாவை நிற்கச் சொல்லி வைத்திருங்கள்.